வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை, அதையொட்டி டிரெயில் திட்டம்: அமெரிக்காவில் வீடு வாங்கியவர்கள் முதலில் எடுக்க வேண்டிய தாள்கள்

கவுண்டியிலிருந்து, அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகத்திலிருந்து, ஓர் அஞ்சலட்டை வரும். உங்கள் பின்வேலிக்கு அப்பால் போகும் ரயில் பாதையை ஒட்டி நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஒரு டிரெயில் போட உத்தேசம், இன்ன தேதியில் கூட்டம், வந்து கருத்துச் சொல்லுங்கள் என்று இருக்கும். அந்த வாரமே தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒரு வீட்டுக்காரர் "நம் நிலத்தைப் பிடுங்குகிறார்கள்" என்பார், அடுத்த வீட்டுக்காரர் "அது என்றைக்கும் நம் நிலமே இல்லை" என்பார். இருவரில் யார் சரி என்பதைக் கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியாது. பழைய பத்திரத்தில்தான் விடை இருக்கும். சில தெருக்களில் இருவர் சொல்வதும் அவரவர் மனைக்குச் சரியாகவே இருக்கும்.

நம்மூர்ப் பழக்கத்தில், ரயில்வே நிலம் என்றால் சர்க்கார் நிலம், எல்லைக் கல் ஊன்றியிருக்கும், அதில் நமக்குப் பேச்சில்லை என்று நினைப்போம். அமெரிக்க ரயில் பாதைகளின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டில் தனியார் கம்பெனிகள் வழியில் இருந்த ஒவ்வொரு நிலக்காரரிடமும் தனித்தனியாகப் பத்திரம் எழுதி வாங்கின. ஒருவர் நிலத்தையே விற்றார். இன்னொருவர் ரயில் போக வழி மட்டும் கொடுத்தார். மறுத்தவரிடம் நீதிமன்றம் வழியாக எடுத்தார்கள். மேற்கு மாநிலங்களில் கூட்டரசு நிலத்தின் மேல் சட்டப்படி வழி கிடைத்தது. ஒரே மைலுக்குள் பல பத்திரங்கள், பல விதமான உரிமைகள். அதனால் "ரயில்வே நிலம்" என்று மொத்தமாகப் பேசுகிறவர் சொல்வதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

கீழே உள்ளது வழக்கறிஞரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. அவரிடம் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கான வரிசை. சொத்துச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதை ஒவ்வொரு வரியிலும் நினைவில் வையுங்கள்.

முதல் வேலை: பாதையின் நிலை என்ன

தண்டவாளம் துருப்பிடித்துக் கிடப்பதாலோ, அதன் நடுவே மரம் முளைத்திருப்பதாலோ பாதை கைவிடப்பட்டதாக ஆகாது. கைவிடுவதற்குக் கூட்டரசின் சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்ட்டேஷன் போர்டு அனுமதி தர வேண்டும். பேச்சில் எஸ்டிபி. 1996க்கு முன் இந்த வேலையை இன்டர்ஸ்டேட் காமர்ஸ் கமிஷன் பார்த்தது. எஸ்டிபி இணையதளத்தில் ரயில் கம்பெனியின் பெயரையும் கவுண்டியின் பெயரையும் போட்டுத் தேடுங்கள். கைவிடும் வழக்குகளின் எண் 'ஏபி' என்ற எழுத்துகளில் தொடங்கும். தேடி முடித்ததும் உங்கள் பாதை மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, ரயில் இன்னும் ஓடுகிறது, அல்லது ஓடும் உரிமை அப்படியே இருக்கிறது. டிரெயில் பக்கத்தில் வரப்போகிறது. இதை 'ரயில் வித் டிரெயில்' என்பார்கள்.

இரண்டு, முழுமையாகக் கைவிடப்பட்டது. அனுமதி வாங்கியதோடு, கைவிட்டு முடித்தோம் என்று கம்பெனி ஓர் அறிவிப்பும் தாக்கல் செய்திருக்க வேண்டும். பொதுவாக அதற்கு ஓராண்டு கெடு. அந்தத் தாள் கோப்பில் இல்லாவிட்டால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

மூன்று, ரயில்பேங்கிங். வருங்காலத்தில் ரயில் தேவைப்படலாம் என்று பாதையைக் 'கணக்கில் வைத்து', இடைக்காலத்துக்கு டிரெயிலாகப் பயன்படுத்துவது. 1968ஆம் ஆண்டு தேசிய டிரெயில் சட்டத்தில் 1983இல் சேர்த்த திருத்தம் இதற்கு வழி செய்தது. இதில் எஸ்டிபி கொடுக்கும் உத்தரவின் பெயர் நோட்டீஸ் ஆஃப் இன்டரிம் டிரெயில் யூஸ். வாயில் 'நிட்டு'.

இந்த மூன்றில் எது என்று தெரியாமல் வழக்கறிஞருக்குப் போன் செய்தால், முதல் ஒரு மணி நேரக் கட்டணம் இதைத் தேடுவதற்கே போகும். நீங்களே செய்யக்கூடிய வேலை இது.

இரண்டாவது: ரயிலுக்குக் கொடுத்த பழைய பத்திரம்

வீடு வாங்கும்போது வந்த காகிதக் கட்டில் டைட்டில் இன்சூரன்ஸ் பாலிசி இருக்கும். நம்மூர் வில்லங்கச் சான்றுக்குப் பக்கத்தில் வரக்கூடியது அங்கே அதுதான். அதன் 'ஷெட்யூல் பி' பகுதியை எடுங்கள். இன்னின்னவற்றுக்கு எங்கள் காப்பு கிடையாது என்று கம்பெனி விலக்கி வைத்தவை அங்கே வரிசையாக இருக்கும். ரயில் பெயரோ, பதிவுப் புத்தக எண்ணும் பக்க எண்ணுமோ இருந்தால், அதைக் குறித்துக்கொண்டு கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்துக்குப் போங்கள். சில மாநிலங்களில் ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ் என்று பெயர்.

பாலிசியில் எதுவும் இல்லையென்றால் வேல் மேப்பைத் தேட வேண்டும். 1913ஆம் ஆண்டு மதிப்பீட்டுச் சட்டத்தின் கீழ் எல்லா ரயில் கம்பெனிகளும் தங்கள் பாதையை அடி அடியாக வரைந்து அரசிடம் கொடுத்தன. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எண், விற்றவர் பெயர், பத்திரத் தேதி, எந்த வகைப் பத்திரம், எத்தனை அடி அகலம் என்று ஓரத்தில் அட்டவணை இருக்கும். மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இவற்றின் பெரிய தொகுப்பு இருக்கிறது. பல மாநிலப் போக்குவரத்துத் துறைகளிலும் படி கிடைக்கும். அந்த அட்டவணையில் 'டீட்' என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். வழி மட்டும் கொடுத்த பத்திரத்தையும் குமாஸ்தா அப்படித்தான் எழுதியிருப்பார். மூலப் பத்திரத்தின் படி கையில் வர வேண்டும்.

படி கிடைத்ததும் தலைப்பை விட்டுவிட்டு உள்ளே படியுங்கள். கேள்வி ஒன்றுதான்: கம்பெனிக்குப் போனது நிலமா, நிலத்தின் மேல் போகும் வழியா? நிலம் என்றால் ஃபீ சிம்பிள், முழு உரிமை. வழி என்றால் ஈஸ்மென்ட். வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 1996இல் ஒரு வழக்கில் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொன்னது, வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கும் அது நல்ல துணை. ஒரு நிலப் பட்டையைக் கொடுத்தார்களா, நிலத்தின் 'மேல்' போகும் வழியைக் கொடுத்தார்களா? ரயில் பயன்பாட்டுக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறதா? பயன்படுத்தும் காலம் வரை மட்டும் என்று இருக்கிறதா? விலை நிஜ விலையா, பெயருக்கு ஒரு டாலரா?

எந்த ஒரு சொல்லும் தனியாக வழக்கை முடிக்காது. சியாட்டிலுக்குக் கிழக்கே சம்மாமிஷ் ஏரிக்கரையில் 1887இல் ஹில்ச்கானம் என்ற பூர்வகுடித் தம்பதி ரயில் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தில் 100 அடி அகல 'ரைட் ஆஃப் வே' என்றே இருக்கிறது. படித்தால் வழி மட்டும் கொடுத்தது போலத்தான் தோன்றும். ஆனால் 2002இல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது முழு உரிமையையே கொடுத்த பத்திரம் என்று சொன்னது. காரணம், 'ரைட் ஆஃப் வே' என்பது சில இடங்களில் உரிமையைக் குறிக்கும், சில இடங்களில் பாதை போகும் நிலத்தையே குறிக்கும். ஆகவே நீங்களே படித்து முடிவு கட்டாமல், படியை எடுத்துக்கொண்டு அந்த மாநிலத்து ரயில் வழக்குகள் பார்த்த ஒருவரிடம் போங்கள்.

விற்பனைப் பத்திரமே இல்லாத துண்டுகளும் உண்டு. நீதிமன்றம் வழியாகக் கட்டாயமாக எடுத்த இடத்தில் பெரும்பாலான மாநிலங்கள் வழியுரிமை மட்டுமே போனதாகக் கொள்கின்றன. 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டரசு நிலத்தில் கிடைத்த பாதை நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 100 அடி. அது வெறும் வழியுரிமைதான் என்று 2014 மார்ச்சில் பிராண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வயோமிங் காட்டுக்குள் இருந்த அந்தப் பாதை கைவிடப்பட்டபின், நிலம் அரசுக்குத் திரும்பவில்லை. வழியுரிமை விலகி, அரசிடமிருந்து பட்டயம் பெற்ற நிலக்காரரிடமே நின்றது. 1871க்கு முந்தைய பெரிய ரயில் மானியங்களுக்கு இதே விதி பொருந்தாது, அவற்றில் கம்பெனிக்குக் கிடைத்தது இதைவிட வலுவான உரிமை.

அடுத்து உங்கள் சொந்தப் பத்திரம். ரயிலுக்கு வழியுரிமை மட்டும்தான் என்றால் அடிநிலம் யாருடையது? பெரும்பாலான மாநிலங்களில், வழியை ஒட்டிய நிலத்தை விற்றால் வழியின் நடுக்கோடு வரை சேர்த்தே விற்றதாக ஓர் அனுமானம் உண்டு. ஆனால் உங்கள் பத்திரத்தின் எல்லை விவரத்தில் 'லெஸ்' அல்லது 'எக்ஸெப்ட்' என்று தொடங்கி ரயில் பாதையைக் கழித்திருந்தால், அந்த அனுமானம் உடையலாம். கழித்தது நிலத்தையா, வழியுரிமைக்கு உட்பட்டது என்று சொல்ல வந்ததா என்பதிலேயே பல வழக்குகள் நடக்கின்றன. இந்த ஒரு வரியைக் கூட்டத்துக்குப் போகும் முன் மஞ்சள் பேனாவால் அடிக்கோடிட்டு வையுங்கள்.

மூன்றாவது: அளந்து பார்ப்பது

கவுண்டி வரி இணையதளத்தில் வரும் வண்ண வரைபடம் எல்லைக்குச் சாட்சி ஆகாது. அது வரி வசூலுக்காக வரைந்தது, நிஜக் கோட்டிலிருந்து பல அடி தள்ளியிருப்பது சகஜம். ரயில் போகும் நிலப் பட்டைக்கும் சேர்த்து வரி கட்டுகிறோம் என்பதும் முடிவான சாட்சி இல்லை. உரிமம் பெற்ற சர்வேயரைக் கூப்பிட்டு மூலைகளில் குறி நட்டுத் தரச் சொல்லுங்கள். கூப்பிடும்போதே ரயில் பத்திரத்தின் படியையும் வேல் மேப்பையும் கையில் கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மனையின் நான்கு மூலையை மட்டும் அளந்துவிட்டுப் போய்விடுவார்.

சர்வேயரிடம் கேட்க வேண்டியவை இவை: ரயில் பட்டையின் பத்திரப்படியான அகலம், இப்போதைய தண்டவாளத்தின் நடுக்கோடு, அது பட்டையின் நடுவில்தான் இருக்கிறதா, பட்டைக்குள் உங்கள் பொருள் என்னென்ன நிற்கின்றன. மூன்றாவது கேள்வி முக்கியம். பத்திரம் 'பாதையின் நடுக்கோட்டிலிருந்து 50 அடி' என்று சொல்லும். நூறாண்டில் வளைவை நேராக்கவோ பக்கவாட்டுத் தடம் போடவோ தண்டவாளத்தை நகர்த்தியிருப்பார்கள். பத்திரம் சொல்லும் நடுக்கோடு முதலில் போட்ட பாதையுடையதா, இன்றைய பாதையுடையதா என்பதில் உங்கள் தோட்டத்தின் பத்து அடி தொங்கிக்கொண்டிருக்கும்.

அகலத்தை வைத்து நீங்களே ஒரு கணக்குப் போடலாம். ஓடும் ரயிலுக்கும் டிரெயிலுக்கும் இடையில் இத்தனை அடி இருக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் ஒரே விதி இல்லை. 2002இல் கூட்டரசுப் போக்குவரத்துத் துறை வெளியிட்ட ஆய்வில், அப்போதிருந்த டிரெயில்களில் தண்டவாள நடுக்கோட்டிலிருந்து இடைவெளி சுமார் 7 அடியில் தொடங்கி 100 அடி வரை இருந்தது. சராசரி 33 அடியை ஒட்டி. உதாரணமாக 25 அடி விடுகிறார்கள் என்று வையுங்கள். தளத்தின் அகலம் 10 அடி, சைக்கிளும் நடையும் சேர்ந்த பாதைக்கு வழக்கமான குறைந்தபட்சம் அதுதான். வெளிப்பக்கம் 2 அடி மண் ஓரம். மொத்தம் 37 அடி. பட்டை 100 அடி என்றால் நடுவிலிருந்து எல்லை 50 அடி, ஆகவே உங்கள் வேலிக்கு முன் 13 அடி மிச்சம். பட்டை 60 அடி என்றால் எல்லை 30 அடியிலேயே வந்துவிடும், டிரெயில் 7 அடி உங்கள் பக்கம் விழும். அப்படியானால் யாரோ உங்களிடம் நிலம் கேட்டு வரப்போகிறார்கள், அல்லது இடைவெளியைக் குறைக்கப் போகிறார்கள். மேடு, பள்ளம், ஓடை இருந்தால் தாங்குசுவருக்கும் சரிவுக்கும் இன்னும் கூடுதலாக வேண்டும்.

பட்டைக்குள் உங்கள் வேலி, கொட்டகை, படிக்கட்டு, செப்டிக் குழாய் எதுவாவது நிற்கிறதென்று தெரிந்தால் மறைக்காதீர்கள், இடித்தும் போடாதீர்கள். படம் எடுத்து, அளந்து, எப்போது கட்டியது என்பதற்கான ரசீதோடு கோப்பில் வையுங்கள். 'இருபது வருடமாகக் கறிவேப்பிலையும் தக்காளியும் போடுகிறோம், அனுபவ பாத்தியதை வந்துவிட்டது' என்ற வாதம் இங்கே பெரும்பாலும் எடுபடாது. அரசு அமைப்பின் நிலத்துக்கு எதிராகப் பல மாநிலங்கள் அதை அனுமதிப்பதில்லை. ஓடும் ரயில் பாதையாக இருந்தால் கூட்டரசுச் சட்டமும் குறுக்கே நிற்கும். எரிச்சலில் சர்வே குச்சியைப் பிடுங்குவது குற்றம். அதைச் செய்தவர் பிறகு சொல்லும் எதுவும் கூட்டத்தில் காதில் விழாது.

ரயில்பேங்கிங் என்றால்: ஆறு ஆண்டுக் கெடு

பணம் சம்பந்தப்பட்ட பெரிய தவறுகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன, அதனால் நிதானமாகப் படியுங்கள்.

வழியுரிமை மட்டுமே பெற்ற ரயில் பாதையைக் கைவிட்டால், பல மாநிலச் சட்டப்படி அந்த வழி அழிந்து நிலம் பாரமில்லாமல் அடிநிலக்காரருக்குத் திரும்பும். ரயில்பேங்கிங் இதைத் தடுக்கிறது. சட்டத்தின் பார்வையில் பாதை கைவிடப்படவே இல்லை. நிர்வாகப் பொறுப்பையும் சட்டப் பொறுப்பையும் வரியையும் ஏற்றுக்கொள்ளும் ஓர் அமைப்பு முன்வந்து, ரயில் கம்பெனியும் ஒப்புக்கொண்டால், எஸ்டிபி நிட்டு கொடுத்துவிடும். முதலில் ஓராண்டுப் பேச்சுவார்த்தைக் காலம், பிறகு நீட்டிப்புகள். அந்தரங்கம் போகும், நாய் குரைக்கும், திருடன் வருவான் என்று எஸ்டிபிக்கு எழுதுவதால் உத்தரவு நிற்காது. அவற்றை எடைபோடும் அதிகாரம் அங்கே அதற்குக் கிடையாது. அந்தக் கடிதங்களைக் கவுண்டிக்கு எழுதுங்கள்.

ஆனால் நஷ்டஈடு கேட்கலாம். வெர்மான்ட்டின் பர்லிங்டனில் ஏரிக்கரைப் பாதை தொடர்பான ப்ரிசோ வழக்கில் 1990இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டம் செல்லும், நிலம் எடுக்கப்பட்டதாக நினைப்பவர் கூட்டரசிடம் ஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்றது. 1996இல் ஃபெடரல் சர்க்யூட் என்ற கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே குடும்பத்தின் வழக்கில், ஆம், எடுக்கப்பட்டது, ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வழக்கு கவுண்டி மேல் அல்ல, கம்பெனி மேலும் அல்ல, அமெரிக்கக் கூட்டரசு மேல். இடம் தலைநகர் வாஷிங்டனில் உள்ள கோர்ட் ஆஃப் ஃபெடரல் க்ளெய்ம்ஸ். 10,000 டாலருக்கு மேற்படாத தொகைக்கு உள்ளூர் கூட்டரசு மாவட்ட நீதிமன்றமும் உண்டு.

கெடு 6 ஆண்டு. எண்ணத் தொடங்குவது டிரெயில் திறந்த நாளிலிருந்து அல்ல, தார் போட்ட நாளிலிருந்தும் அல்ல. முதல் நிட்டு வெளியான நாளிலிருந்து. 2004இல் ஃபெடரல் சர்க்யூட் இதை உறுதி செய்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகக் கடிதம் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதால், பலர் புல்டோசர் வந்தபிறகுதான் விழிக்கிறார்கள். அதற்குள் கெடு போயிருக்கும். தெரியவில்லை என்ற காரணத்தை அந்த நீதிமன்றம் ஏற்காது.

வீடு புதிதாக வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. ஈடு கேட்கும் உரிமை நிட்டு வெளியான நாளில் யார் உரிமையாளரோ அவருக்கு. பிறகு வாங்கியவருக்குத் தானாக வராது. வாங்கும் ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே எஸ்டிபி கோப்பில் நிட்டு தேதியைப் பாருங்கள். தேதி ஏற்கெனவே போயிருந்தால் அதை விலை பேசும்போது கணக்கில் எடுங்கள். பின்னால் வந்து கேட்க இடமில்லை.

டிரெயில் கடைசியில் கட்டப்படாமல் போனாலும் வழக்கு இருக்கலாம் என்று 2010இல் ஒரு தீர்ப்பு உண்டு. ஆனால் அந்த உத்தரவு நிஜமாகவே கைவிடுதலைத் தள்ளிப்போட்டது என்று காட்ட வேண்டும் என 2020இல் வந்த தீர்ப்பு இதற்கு எல்லை போட்டது.

இந்த வழக்குகளை எடுக்கும் வழக்கறிஞர்கள் ஊர் மண்டபத்தில் கூட்டம் போடுவார்கள், தபாலில் ஒப்பந்தப் படிவம் வரும். அதில் தவறில்லை. வென்றால் நியாயமான வழக்கறிஞர் செலவையும் மதிப்பீட்டுச் செலவையும் கூட்டரசு தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே அவரிடம் கேட்க வேண்டியது: அந்தத் தொகை வந்தால் உங்கள் சதவீதத்தில் கழிப்பீர்களா, கூட்டிக்கொள்வீர்களா? எழுத்தில் வாங்குங்கள். இந்த நீதிமன்றத்தில் குழு வழக்கு என்றாலும் பெயர் கொடுத்துச் சேர்ந்தால்தான் உள்ளே. பக்கத்து வீட்டுக்காரர் போட்டிருக்கிறார் என்று சும்மா இருந்தால் வெளியேதான்.

ஒரு தெளிவு: ஈடு வாங்குவதும் டிரெயிலைத் தடுப்பதும் வேறு வேறு. மேலே சொன்ன சம்மாமிஷ் பாதை 1998இல் ரயில்பேங்கிங் ஆனது. ரெட்மண்டிலிருந்து இசக்வா வரை 11 மைல். கவுண்டிக்கு அந்தப் பட்டையில் உரிமை இல்லை என்று கரையோர வீட்டுக்காரர்கள் போட்ட வழக்கில், ரயில் கம்பெனிக்கு இருந்த உரிமை கவுண்டிக்கு வந்துவிட்டது என்று ஒன்பதாவது சர்க்யூட் 2018இல் கவுண்டி பக்கமே தீர்ப்பளித்தது. டிரெயில் நிற்கவில்லை.

ரயில் ஓடும் பாதை என்றால்

ரயில்பேங்கிங் தரும் கூட்டரசுக் கவசம் இங்கே கிடையாது. கம்பெனியிடம் இருப்பது வழியுரிமை மட்டும் என்றால், தன்னிடம் இல்லாததை அது கவுண்டிக்குக் கொடுக்க முடியாது. உலாவவும் சைக்கிள் ஓட்டவும் பொதுமக்களை விடுவது 'ரயில் பயன்பாடு' ஆகுமா என்பது மாநிலச் சட்டமும் பத்திரமும் முடிவு செய்ய வேண்டியது. இதே கேள்வி முன்பு ஃபைபர் கேபிளில் வந்தது. ரயில் வழியில் கேபிள் புதைக்கக் கம்பெனிகள் அனுமதி விற்றன, அடிநிலக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், பல மாநிலங்களில் சமரசத் தொகை கிடைத்தது. உங்கள் நிலத்துக்கு அப்படி ஒரு சமரசம் நடந்திருந்தால், கேபிளுக்கு எழுதிக் கொடுத்த அனுமதி வேறு எதற்கெல்லாம் பொருந்தும் என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

கம்பெனிக்கு முழு உரிமை இருந்தால் உங்கள் சம்மதம் தேவையில்லை. ஆனால் பெரிய சரக்கு ரயில் கம்பெனிகள் ஓடும் பாதையின் ஓரத்தில் மக்களை விட விரும்புவதில்லை. விபத்துப் பொறுப்பு ஒரு காரணம். பின்னாளில் இரண்டாவது தடம் போட இடம் வேண்டும் என்பது இன்னொன்று. அதனால்தான் பல திட்டங்கள் பட்டையை விட்டு வெளியே, உங்கள் பக்கத்து நிலத்துக்கு நகர்கின்றன.

அப்படி நிலம் கேட்டு வந்தால், கூட்டரசுப் பணம் கலந்த திட்டத்துக்கு 1970ஆம் ஆண்டு யூனிஃபார்ம் சட்டம் பொருந்தும். பொதுவாக, மதிப்பீட்டாளர் வரும்போது கூடவே நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. நடங்கள். பழமரம், தண்ணீர்க் குழாய், பின்கேட், வண்டி வரும் வழி எல்லாவற்றையும் காட்டுங்கள். அவர் காணாதது கணக்கில் வராது. அவர்கள் ஏற்ற மதிப்புக்குக் குறையாத தொகையை எழுத்தில் தர வேண்டும், யோசிக்க நியாயமான அவகாசமும் தர வேண்டும். எடுக்கும் துண்டின் விலை மட்டுமல்ல, மிச்ச நிலத்தின் மதிப்பு குறைவதையும் கேளுங்கள். 'கொடுக்காவிட்டால் கட்டாயமாக எடுப்போம்' என்றால் பணம் எந்தத் திட்டத்திலிருந்து வருகிறது என்று கேளுங்கள். ரெக்ரியேஷனல் டிரெயில்ஸ் புரோகிராம் என்ற கூட்டரசு நிதியைக் கட்டாய நிலமெடுப்புக்குப் பயன்படுத்தச் சட்டத்திலேயே தடை இருக்கிறது.

கையெழுத்துக் கேட்கும் தாள்கள்

க்விட்க்ளெய்ம் பத்திரம் என்று ஒன்று நீட்டுவார்கள். 'எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் அதையும் விட்டுவிட்டேன்' என்பதுதான் அதன் சாரம். ஒற்றைப் பக்கம், சிநேகமான கடிதத்தோடு வரும். அன்றே கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் படிக்கட்டும் வேலியும் அப்படியே இருக்கலாம், ஆண்டுக் கட்டணத்தோடு பர்மிட் எடுங்கள் என்பார்கள். பர்மிட்டில் 'இந்த நிலம் கவுண்டியுடையது என்று ஒப்புக்கொள்கிறேன்' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். உரிமை வழக்கு நடக்கும்போது அந்த வரி உங்களுக்கு எதிராகவே வரும். உரிமையை விட்டுக்கொடுக்காமல் பர்மிட் எடுக்கிறேன் என்று ஒரு வாசகம் சேர்க்க முடியுமா என்று வழக்கறிஞரைக் கேளுங்கள்.

தண்டவாளத்தைக் கடந்துதான் வீட்டுக்கோ ஏரிக்கோ போக முடியும் என்றால், பழைய தனியார் கிராசிங் ஒப்பந்தத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் முப்பது நாள் அறிவிப்பில் ரத்து செய்யக்கூடிய உரிமமாக இருக்கும். டிரெயில் வரும்போது பேரம் பேசக்கூடிய நல்ல சந்தர்ப்பம் இது: ரத்து செய்யக்கூடிய பர்மிட்டுக்குப் பதிலாக, பதிவு செய்த நிரந்தரக் கடப்புரிமை கேளுங்கள்.

எல்லையிலோ உரிமையிலோ தகராறு வந்த உடனே டைட்டில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். காப்பு இல்லை என்றே பதில் வரலாம். ஆனால் தாமதமாகச் சொன்னீர்கள் என்ற காரணத்தை அவர்களுக்கு நாமே கொடுக்க வேண்டாம்.

கூட்டத்தில் என்ன கேட்பது

டிரெயில் வருவது உறுதி என்று தெரிந்தபின்னும் பெறக்கூடியவை நிறைய. வரைபடம் 30, 60, 90 சதவீதம் என்று கட்டம் கட்டமாக முடியும். 30இல் பேசினால் பாதையையே நகர்த்தலாம், 60இல் வேலியும் வடிகாலும் மாறும், 90இல் செடியின் வகைதான் மாறும். வரைபடத்தில் நூறு அடிக்கு ஓர் எண் வீதம் ஸ்டேஷன் குறி இருக்கும். 125+00 என்றால் தொடக்கத்திலிருந்து 12,500 அடி. உங்கள் கருத்துக் கடிதத்தில் வீட்டு எண்ணோடு இந்த எண்ணையும் எழுதுங்கள். 'எங்கள் வீட்டருகே தண்ணீர் நிற்கும்' என்ற கடிதத்தை யாரும் கோப்பில் போட்டு மறந்துவிடலாம். '125+40இல் இருக்கும் குழாய் மழைக்காலத்தில் நிரம்பி வழிகிறது, படம் இணைப்பு, டிரெயில் அடியில் அதே அளவுக் குழாய் வைத்தால் போதாது' என்ற கடிதத்துக்கு இன்ஜினியர் பதில் எழுதியாக வேண்டும்.

வடிகாலுக்கு முன்னுரிமை கொடுங்கள். ரயில் மேட்டின் இரு பக்கமும் இருக்கும் பள்ளம்தான் இத்தனை காலம் உங்கள் கொல்லைத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டிருந்தது. டிரெயில் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தின் மேல்தான் உட்காரும். தளம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேளுங்கள். சாய்வு சுமார் 2 சதவீதம்தான், ஆனால் அது உங்கள் பக்கம் சாய்ந்தால் அத்தனை நீளத்துத் தண்ணீரும் உங்கள் அடித்தளத்தைத் தேடி வரும்.

வேலி கேட்பவர்கள் உயரத்தை மட்டும் பேசுகிறார்கள். டிரெயில் உங்கள் தரையைவிட 4 அடி மேட்டில் போனால் 6 அடி வேலி உங்கள் பக்கத் தரையில் நின்று எதையும் மறைக்காது. வேலி எந்த மட்டத்தில் நிற்கிறது, யார் பராமரிப்பது, முடிவில் யாருக்குச் சொந்தம் என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பின்கேட் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டால், உங்கள் பக்கமாகத் திறக்கும் கேட் என்று சேர்த்து எழுதுங்கள்.

டிரெயிலில் யாராவது விழுந்தால் நம் மேல் வழக்கு வருமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. கட்டணம் வாங்காமல் பொழுதுபோக்குக்கு நிலம் விடுபவரைக் காக்கும் சட்டம் 50 மாநிலங்களிலும் இருக்கிறது. வேண்டுமென்றே செய்த தீங்குக்கு அது காப்பாற்றாது. உங்கள் பக்கத்து மரத்தின் பட்டுப்போன கிளை டிரெயில் மேல் தொங்கினால் அது உங்கள் கவலைதான், வெட்டிவிடுங்கள்.

பழைய ரயில் மண்ணைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். தண்டவாளக் கட்டைகளில் பூசிய கிரியோசோட் என்ற தார், களைக்கொல்லியிலிருந்து ஆர்சனிக், என்ஜின் கரிச்சாம்பல் எல்லாம் அங்கே சேர்ந்திருக்கும். தோண்டும்போது தூசியை எப்படி அடக்குவார்கள், மண்ணைச் சோதித்தார்களா என்று கேட்டு, அறிக்கையின் படியைப் பொதுத் தகவல் மனுவில் வாங்குங்கள். வேலை நடக்கும்போது ஒப்பந்தக்காரர் பழைய கட்டைகளை இலவசமாகத் தருகிறேன் என்பார். காய்கறிப் பாத்திக்கு வரப்புக் கட்ட அவற்றை வாங்காதீர்கள்.